ஒன்றும் இல்லாத மூலை

"மேடம், நான் கணக்குப் படிச்சவ. என்னை ஏன் தினமும் காலையில ஒரே ஸ்லைடைப் பார்க்கச் சொல்றீங்க?"

இதைக் கேட்பதற்குக் கயற்கண்ணி பல நாளாகத் தைரியத்தைத் திரட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ரஹ்மத் நிஸா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னைக்கு என்ன தெரிஞ்சுது?"

"ரோஸ். ஊதா."

"நேத்து?"

"ஊதா. ரோஸ்."

"முன்னேற்றம்தான். நாளைக்கும் பாருங்க."

*

சென்னைக்குத் தெற்கே, ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று வரும் தூரத்தில் இருந்தது அந்தப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம்.

ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கியவர்களை எடுத்து, அவர்களுக்குத் தெரியாத இன்னொரு துறையைக் கற்றுக்கொடுப்பார்கள். நிலையத்தில் அதற்குப் பெயர் போஸ்ட்டாக். ஊரில் அதற்குப் பெயர், "இன்னுமா படிக்கிற?"

கணக்குக்காரர் ஒருவர், உயிரியல்காரர் ஒருவர் என்று ஜோடி சேர்ப்பார்கள். கணக்குக்காரர் செல்லைக் கற்க வேண்டும். உயிரியல்காரர் தரவு அறிவியலைக் கற்க வேண்டும். இரண்டு பேருக்கும் முதல் ஆறு மாதம் தூக்கம் வராது. முதல் வருஷ வேலையைப் பார்த்துத்தான் இரண்டாவது வருஷம் கொடுப்பார்கள்.

கயற்கண்ணி நாகப்பட்டினத்துக்காரி. புயல் எங்கே கரை கடக்கும் என்று கணக்குப் போட்டுப் பட்டம் வாங்கியவள். அதே வேலையைச் சில வருஷம் பார்த்தவள். மழை வரும் என்று அவள் சொன்ன நாளில் வெயிலடித்தால், தெருவில் உள்ளவர்கள் அவள் காதில் விழும்படி பேசிக்கொண்டே துணி காயப்போடுவார்கள்.

அவளுடைய ஜோடி லூர்துராஜ். தூத்துக்குடிக்காரன். அவளைவிட இளையவன். செல்களைக் கண்ணாடித் தட்டில் குழந்தை மாதிரி வளர்ப்பான். கணினி முன்னால் உட்கார்ந்தால் அவனே குழந்தையாகிவிடுவான்.

இருவருக்கும் ஆசிரியர் டாக்டர் நிஸா. திசுவைப் பார்த்து இது புற்று, இது இல்லை என்று சொல்லும் மருத்துவர். கயற்கண்ணியைவிட இரண்டு வயது சின்னவர். அதை இருவருமே பேசியதில்லை.

நிஸா யாரையும் திட்டியதில்லை. யாரையும் பாராட்டியதும் இல்லை. மிகவும் பிடித்துப்போனால் "சரி" என்பார். அதற்குமேல் ஒரு சொல்லை அவரிடமிருந்து யாரும் வாங்கியதில்லை.

எப்படியாவது அந்த ஒரு சொல்லை வாங்கிவிட வேண்டும் என்பது கயற்கண்ணியின் ஆசை. அதை அவள் லூர்துவிடம்கூடச் சொல்லவில்லை.

*

அந்தப் பயிற்சிக்கு ஒரு வழக்கம் உண்டு.

வருஷக் கடைசியில் எல்லாரும் அவையில் கூடுவார்கள். அங்கே எவரும் தன் சாதனையைத் தானே சொல்லக் கூடாது. ஜோடிதான் சொல்ல வேண்டும். கணக்குக்காரரின் வேலை உயிரியல்காரருக்குப் புரிந்திருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

அந்த வழக்கத்துக்குப் பின்பாதி ஒன்றும் உண்டு. பிழை என்றால் மட்டும், செய்தவரே எழுந்து சொல்ல வேண்டும்.

பின்பாதிக்கு யாரும் எழுந்து நின்றதாக யாருக்கும் நினைவில்லை.

*

ஒரு நாள் கயற்கண்ணி கேட்டாள்.

"இது யாரோட ஸ்லைடு மேடம்?"

"பண்ருட்டிப் பக்கத்துல ஒரு அம்மா. மார்பகப் புற்று. ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு."

"இப்போ எப்படி இருக்காங்க?"

"வருஷா வருஷம் பலாப்பழம் அனுப்புறாங்க. முழுப்பழம். அதை வெட்டத்தான் இங்க யாருக்கும் தெரியாது."

"அதுக்காகவா இந்த ஸ்லைடைக் குடுத்தீங்க?"

"காலையில பார்க்கிறதுக்கு ஒரு நல்ல முகம் வேணாமா?"

அன்றிலிருந்து கயற்கண்ணி அந்த ஸ்லைடை வேறு மாதிரி பார்த்தாள். ஊதா என்று நினைத்தது செல்லின் கரு. ரோஸ் என்று நினைத்தது அதைச் சுற்றி இருந்த நார். ஓரிடத்தில் திசு மடிந்திருந்தது. ஓரிடத்தில் ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு நாள், நுண்ணோக்கியிலிருந்து ஸ்லைடை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மேடம், கண்ணாடியே கொஞ்சம் மஞ்சளா இருக்கு."

"எங்க?"

"எல்லா இடத்துலயும். பழைய பேப்பர் மாதிரி."

நிஸா நிமிர்ந்து பார்த்தார்.

"திசு மேல மெல்லிசா ஒரு கண்ணாடி மூடி ஒட்டுவோம். அந்தப் பசை நாளாக நாளாக மஞ்சளாகும்."

மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தார்.

"சரி," என்றார்.

கயற்கண்ணி அன்று மத்தியானம் கேண்டீனில் லூர்துவுக்கு ஒரு வடை அதிகமாக வாங்கிக்கொடுத்தாள்.

"என்னக்கா விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

*

அவள் செய்துகொண்டிருந்த வேலை இதுதான்.

மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்தவர்களில் சிலருக்கு நோய் திரும்பும். பலருக்குத் திரும்பாது. யாருக்கு என்று முன்கூட்டித் தெரியாததால் எல்லாருக்கும் கடுமையான மருந்தைக் கொடுக்கிறார்கள். முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, உள்ளங்கால் எரிகிறது. பாதிப் பேருக்கு அது தேவையே இல்லாமல் இருக்கலாம்.

பழைய நோயாளிகளின் ஸ்லைடுகளைப் படமெடுத்துக் கணினிக்குக் காட்ட வேண்டும். யாருக்கு நோய் திரும்பியது, யாருக்குத் திரும்பவில்லை என்றும் சொல்ல வேண்டும். கணினி கற்றுக்கொண்டதும், அது முன்னே பின்னே பார்த்திராத வேறு நூறு பேரின் படங்களைக் காட்டிக் கேட்க வேண்டும்: இவர்களில் யாருக்குத் திரும்பும்?

கேட்டாள்.

தொண்ணூற்றாறு பேருக்குச் சரியாகச் சொன்னது.

"அக்கா!" என்று லூர்து நாற்காலியோடு சுற்றினான். "தொண்ணூத்தாறா! எனக்குச் சர்ச் மறைக்கல்வியிலகூட இவ்வளவு வந்ததில்ல!"

"சும்மா இரு. ஏதாவது தப்பா இருக்கும்."

"புயல்காரங்களுக்கு நல்லது நடந்தாக்கூடப் பயம்."

திரும்பவும் ஓட்டினாள். தொண்ணூற்றாறுதான்.

நிலையத்தின் இயக்குநர் காதுக்குச் செய்தி போயிற்று. அவரே மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே கையைக் குலுக்கினார்.

"ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட பேசிட்டேன்மா. அவைக்கு வர்றாங்க. பார்த்துட்டு அடுத்த மாசமே ஆரம்பிச்சுடலாம்னு சொல்றாங்க. திரும்பாதுன்னு உங்க கணினி மாடல் சொன்னா, மருந்து வேணாம். எவ்வளவு பெரிய விஷயம்!"

"சார், நான்..."

"உங்க ரெண்டாவது வருஷத்தைப் பத்திக் கவலையே படாதீங்க."

அவர் போன பிறகும் கயற்கண்ணியின் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. லூர்துதான் அதைப் பிடித்து இறக்கிவிட்டான்.

*

நிஸா பால் சேர்க்காத சுலைமானி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கயற்கண்ணி மடிக்கணினியை மேசையில் வைத்தாள். சொல்லத் தொடங்கினாள். பாதியில் தன் குரல் தனக்கே உரக்கக் கேட்டது. அவளுக்கு அது பழக்கமில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

நிஸா முழுக்கக் கேட்டார்.

கயற்கண்ணி காத்திருந்தாள். ஒரு "சரி"க்காவது.

நிஸா விரலை நீட்டினார். திரையில் இருந்த ஸ்லைடு படத்தில், திசு எதுவும் இல்லாத ஒரு மூலையைத் தொட்டார்.

"இதை மட்டும் காட்டினீங்களா?"

"அங்க ஒண்ணும் இல்லையே மேடம்."

"தெரியும்."

"ஒரு செல்கூட இல்ல. வெறும் கண்ணாடி."

"உங்க கணினியும் அப்படித்தான் சொல்லுதான்னு கேட்டுப் பாருங்க."

மறுபடி டம்ளரை எடுத்துக்கொண்டார்.

*

"கல்யாணப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து காட்டினா, பந்தக்கால் நேரா இருக்கான்னு பார்க்கிறாங்க!"

கயற்கண்ணி இப்படிப் பேசி லூர்து கேட்டதே இல்லை.

"ஆனா அக்கா, பந்தக்கால் சாஞ்சா பந்தல் பொண்ணு தலையிலதானே விழும்?"

"நீ யார் பக்கம்?"

"நான் சாப்பாட்டுப் பக்கம்."

அவள் சிரிக்கவில்லை. அன்று நிஸா சொன்னதைச் செய்யவும் இல்லை. அடுத்த நாளும் செய்யவில்லை.

மூன்றாம் நாள், வேறு வேலை இல்லாதவள் மாதிரி பாவனை செய்துகொண்டு, எல்லாப் படங்களிலிருந்தும் திசு இல்லாத மூலையை மட்டும் வெட்டி எடுத்தாள். கணினிக்கு அதை மட்டும் காட்டிக் கற்பித்தாள். பிறகு அதே நூறு பேரின் மூலைகளைக் காட்டிக் கேட்டாள்.

அவள் தேர்ந்தெடுத்த நூறில் சரிபாதிப் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. பாதிப் பேருக்கு இல்லை. பூவா தலையா போட்டாலே ஐம்பது சரியாக வரும். வெறும் கண்ணாடிக்கு அதற்குமேல் வரக் கூடாது.

தொண்ணூற்றுமூன்று வந்தது.

"லூர்து."

"என்னக்கா?"

"இங்க வா. இந்தப் படத்துல என்ன தெரியுது?"

அவன் குனிந்து பார்த்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"ஒண்ணும் தெரியல."

"கணினிக்குத் தெரியுது. இவங்களுக்குப் புற்று திரும்புமாம்."

"செல்லே இல்லையே!"

"ஆமா."

லூர்து சிலுவை போட்டுக்கொண்டான்.

அவள் மூலைகளை நீக்கிவிட்டுத் திசுவை மட்டும் வைத்து மறுபடி ஓட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றைந்து. மூலைக்குத் தெரிந்த ஏதோ ஒன்று திசுவின் மேலும் படிந்திருந்தது.

*

"காரணம் என்ன மேடம்?"

"எனக்குத் தெரியாது," என்றார் நிஸா.

"தெரியாமலா கேட்டீங்க?"

"தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன். சொல்லியிருப்பேன்."

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து திசு வந்திருப்பதாக அழைப்பு வந்தது. நிஸா எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்த மூலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. மறுநாள் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. கயற்கண்ணி சொல்லாமல் விட்டால் அது அப்படியே போய்விடும் போலிருந்தது.

*

காலையில் பண்ருட்டி அம்மாவின் ஸ்லைடை வெளிச்சத்தில் பிடித்திருந்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது.

"லூர்து, வா. ஸ்லைடு அறைக்குப் போகணும்."

"படம்தான் கணினியிலயே இருக்கேக்கா."

"படம் வேணாம். கண்ணாடி வேணும்."

இருவரும் இழுப்பறைகளைத் திறந்தார்கள். அவள் படமெடுத்த அதே ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மஞ்சள் என்றால் இடது பக்கம் வைத்தாள். வெளுப்பு என்றால் வலது பக்கம். அதில் இருந்த திசுவை அவள் பார்க்கவே இல்லை.

"இப்போ நீ பாரு. இடது பக்கம் இருக்கிறவங்களுக்கு என்ன ஆச்சு?"

லூர்து எண்களை வைத்துக் கணினியில் தேடினான்.

"திரும்பல. திரும்பல. திரும்பல. இவங்களுக்கும் திரும்பல..."

"வலது பக்கம்?"

"திரும்புச்சு. திரும்புச்சு. அக்கா... திரும்புச்சு."

"எல்லாம் ஒரே காலத்து ஸ்லைடு. இது மட்டும் ஏன் புதுசு மாதிரி இருக்கு?"

"நீங்களே சொல்லுங்க."

"நீதான் லேப்ல வளர்ந்தவன். நீ சொல்லு. நோய் திரும்பி ஒருத்தங்க ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. டாக்டருங்க முதல்ல என்ன கேப்பாங்க?"

"பழைய ஸ்லைடைக் கொண்டு வாங்கன்னு கேப்பாங்க. அப்போ இருந்த புற்றும் இப்போ வந்ததும் ஒண்ணுதானான்னு ஒப்பிட்டுப் பார்க்கணும்ல?"

"எடுத்துப் பார்த்தா சாயம் மங்கிப்போயிருக்கு. என்ன பண்ணுவாங்க?"

"மேல இருக்கிற மூடியைக் கழட்டுவாங்க. சாயத்தைத் திருப்பிப் போடுவாங்க. அப்புறம் புதுசா பசை வெச்சுப் புது மூடி..."

லூர்து வலது பக்கம் இருந்த ஸ்லைடுகளைத் திரும்பிப் பார்த்தான்.

பண்ருட்டி அம்மாவின் ஸ்லைடு ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கயற்கண்ணிக்குப் புரிந்தது. அந்த அம்மா பலாப்பழம்தான் அனுப்பினார். நோயோடு திரும்பி வரவில்லை. அதனால் அந்த மூடியை யாரும் கழற்றவில்லை.

கணினி புற்றைப் பார்க்கவே இல்லை. எந்தக் கண்ணாடிக்குப் புது மூடி போட்டிருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறது. நோய் திரும்பிய பிறகு நடந்ததைப் பார்த்துவிட்டு, நோய் திரும்பும் என்று ஜோசியம் சொல்லியிருக்கிறது.

கயற்கண்ணி ஸ்லைடுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அழப்போகிறாள் என்று லூர்து நினைத்தான்.

அவள் சிரித்தாள்.

"கழுதைக்கு என்ன சாமர்த்தியம் பாரேன்! என்னைவிட நல்லா ஸ்லைடு பார்த்திருக்கு."

*

நோயாளிகளின் திசு மெழுகுக் கட்டிகளில் பத்திரமாக இருக்கும். அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் புதிதாக ஒரு சீவல் எடுக்கலாம்.

"மேடம், எனக்கு மெழுகுக் கட்டிங்க வேணும். எல்லாரோடதும்."

"எதுக்கு?"

"எல்லாத்தையும் புதுசா வெட்டி, ஒரே சாயம், ஒரே பசை, ஒரே மூடி போட்டு, முதல்லேர்ந்து செய்யணும்."

"யார் வெட்டுவா?"

"நான்."

நிஸா அவள் விரல்களைப் பார்த்தார். கணினியைத் தட்டியே பழகிய விரல்கள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து சாவியைக் கொடுத்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மூலையில் என்ன கிடைத்தது என்றும் கேட்கவில்லை.

லூர்து சொல்லிக்கொடுத்தான். மெழுகைக் குளிர வைத்து, கூரான அலகில் நாடா மாதிரி சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் போனதும் கண்ணாடியில் ஏந்த வேண்டும்.

அவளுடைய முதல் நாடா கிழிந்தது. அடுத்தது சுருண்டது. அதற்கடுத்தது தண்ணீரில் கரைந்தே போயிற்று.

"அக்கா, இது திசு. கொத்து பரோட்டா போடாதீங்க."

"கையை எடு. நானே பண்றேன்."

"கணினியில கோடு எழுதும்போது நீங்க என்னை என்னவெல்லாம் சொன்னீங்க? ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. இப்போ வாயை மூடு."

மறு வாரம் ஒரு சீவல் கிழியாமல் வந்தது. தண்ணீரில் விரிந்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாக மிதந்தது. அவள் அதைக் கண்ணாடியில் ஏந்தி எடுத்தாள். லூர்து கையைத் தட்டினான்.

எல்லாவற்றையும் வெட்டி, சாயமேற்றி, படமெடுத்து, கணினிக்கு முதலிலிருந்து கற்பித்தாள். முதலில் மூலைகளை மட்டும் காட்டிக் கேட்டாள். சரிபாதிதான் வந்தது. கணினி கடைசியில் ஒன்றும் தெரியாது என்று ஒத்துக்கொண்டது.

பிறகு திசுவைக் காட்டிக் கேட்டாள்.

அறுபத்தொன்று.

*

அவைக்கு முந்தின நாள் லூர்து கேட்டான்.

"அங்க நின்னு உங்க வேலையைச் சொல்லப்போறது நான்தானே. எந்த நம்பரைச் சொல்லட்டும்?"

"நீ நிக்க வேணாம்."

அவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"பின்பாதியா?"

அவள் தலையசைத்தாள்.

"அக்கா, மேடம் இதைப் பத்தித் திரும்பக் கேக்கவே இல்ல. சாருக்கு ஒண்ணும் தெரியாது. மெதுவா, தனியா, சார் ரூம்ல போய்ச் சொல்லிடலாமே. ஊர் முன்னாடி எதுக்கு?"

"ஆஸ்பத்திரிக்காரங்க தொண்ணூத்தாறை ஊர் முன்னாடிதானே கேக்க வர்றாங்க?"

அவன் நகத்தைக் கடித்தான்.

"லூர்து, புயலைத் தப்பாச் சொன்னா மறுநாள் காலையில தெரிஞ்சிடும். தெருவே துணி காயப்போடும். இங்க தப்பாச் சொன்னா? ஒரு அம்மாவுக்கு மருந்து வேணாம்னு சொல்லி அனுப்பிடுவோம். தெரிய நாலஞ்சு வருஷம் ஆகும். அப்பவும் நமக்குத் தெரியாது. அவங்களுக்குத்தான் தெரியும்."

"உங்க ரெண்டாவது வருஷம்?"

"நாகப்பட்டினத்துக்கு இன்னும் புயல் வந்துட்டுத்தான் இருக்கு. வேலை இருக்கும்."

சிரித்துக்கொண்டு சொன்னாள். ஆனால் மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

*

அவையில் முன்வரிசை முழுக்க ஆஸ்பத்திரி மருத்துவர்கள். இயக்குநர் புதுச் சட்டை போட்டிருந்தார். நிஸா எப்போதும் போலக் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆசிரியர்கள் மேடைக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை.

"அடுத்ததா," என்றார் இயக்குநர், "நாம எல்லாரும் காத்திருந்தது. கயற்கண்ணியோட வேலையை வழக்கப்படி அவங்க ஜோடி சொல்வார். லூர்துராஜ்!"

லூர்து எழுந்திருக்கவில்லை.

கயற்கண்ணி எழுந்தாள்.

வழக்கம் தெரிந்தவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. காபிக் குவளைகள் கீழே இறங்கின. யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் "பின்பாதி" என்றார்கள்.

மேடைவரைக்கும் நடந்தது அவளுக்கு நினைவில்லை. ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கியது நினைவிருக்கிறது.

முதல் படத்தைப் போட்டாள்.

"இதுல என்ன தெரியுது?"

முன்வரிசை மருத்துவர் ஒருவர் முன்னால் சாய்ந்தார்.

"ஒண்ணும் இல்லையேம்மா. வெறும் கண்ணாடி."

"என் மாடலுக்குத் தெரிஞ்சுது டாக்டர். இவங்களுக்கு நோய் திரும்பும்னு சொல்லுச்சு. சரியாவும் சொல்லுச்சு."

எல்லாவற்றையும் சொன்னாள். மூலையை. மஞ்சளை. வெளுப்பை. யாருடைய மூடியைக் கழற்றினார்கள் என்பதை. ஏன் கழற்றினார்கள் என்பதை.

தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும் என்றுதான் நினைத்துப் போயிருந்தாள். ஆனால் மஞ்சள் ஸ்லைடையும் வெளுத்த ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டியபோது முன்வரிசையில் ஒருவர் "அட!" என்றார். அதன்பிறகு அவள் தலை குனியவில்லை. தான் கட்டிய வீட்டை அறை அறையாகச் சுற்றிக்காட்டுகிறவள் மாதிரி பேசினாள்.

"நான் சொன்ன தொண்ணூத்தாறு தப்பு. என் தப்பு. நிஜமான நம்பர் அறுபத்தொண்ணு. இதை வெச்சு யாருக்கும் மருந்தை நிறுத்திடாதீங்க."

இயக்குநரின் முகம் அவருடைய புதுச் சட்டைக்குப் பொருந்தாமல் போயிருந்தது.

"அப்போ ஒரு வருஷத்துல உங்க கையில மிஞ்சினது என்னம்மா?"

"அறுபத்தொண்ணு சார்."

"பூவா தலையா போட்டாலே ஐம்பது வருமே!"

"ஆமா சார். மேல இருக்கிற பதினொண்ணுதான் என்னோடது. அது நிஜம்."



இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"சரி. ரெண்டாவது வருஷத்தைப் பத்தி அப்புறமா பேசுவோம். சாதனைன்னு சொல்றதுக்கு இப்போ ஒண்ணும் இல்லாததால, அடுத்த ஜோடி..."

லூர்து சடாரென்று எழுந்தான்.

பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தது.

நிஸா வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். அவர் மேடை ஏறுவதை யாரும் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் படி இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. சுற்றிக்கொண்டு வந்தார்.

"நீங்க உட்காருங்க," என்றார் கயற்கண்ணியிடம். "உங்க பாதி முடிஞ்சுது."

"டாக்டர், இன்னும் என்ன பாக்கி?" என்றார் இயக்குநர்.

நிஸா கணினியில் எதை அழுத்துவது என்று கொஞ்சம் தேடினார். திரையில் மறுபடி முதல் படம் வந்தது.

ஒன்றும் இல்லாத மூலை.

"இது கயற்கண்ணியோட சாதனை," என்றார். "நான் சொல்றேன். கேளுங்க."